ரேடியேட்டர் சூடாகவில்லையா? கை வைத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்

அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தால், திங்கட்கிழமையிலிருந்து என் தொலைபேசி ஓயாது. லண்டனில் ஹீட்டிங் வேலை பார்த்தே 18 வருடம் ஓடிவிட்டது. ஹீட்டிங் என்றால், பாய்லர் கேஸில் சுடவைக்கும் தண்ணீர் சுவரில் மாட்டிய ரேடியேட்டர்களுக்குள் ஓடி வீட்டைச் சூடாக்குவது. எந்த ஊரிலிருந்தும் கேள்வி கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். "ரேடியேட்டர் சூடாகவில்லை" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். மேலே, அடியில், இரண்டு பக்கக் குழாய் என்று கை வைத்துப் பாருங்கள். எங்கே சில்லென்று இருக்கிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ஹாரோ: படுக்கையறை ரேடியேட்டர் அடியில் சுடுகிறது, மேல் பாதி சில்லென்று இருக்கிறது அண்ணா.

காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு ஆறவிடுங்கள். மேல் ஓரத்தில் சதுரமாக ஒரு சின்னத் திருகு இருக்கும். அதற்கான சாவி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இடப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. உஸ்ஸென்று காற்று போகும். தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் மூடிவிடுங்கள். அப்புறம் பாய்லரில் அழுத்தம் காட்டும் முள்ளைப் பாருங்கள். காற்று போனால் அழுத்தமும் இறங்கும். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நிற்க வேண்டும். குறைந்திருந்தால், பாய்லருக்குக் கீழே உள்ள நிரப்பும் குழாயைத் திறந்து ஏற்றிவிட்டு, மறக்காமல் மூடுங்கள்.

துணியும் கிண்ணமும் இல்லாமல் அந்தத் திருகைத் தொடாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் அவசரப்பட்டு அதை முழுதாகவே கழற்றிவிட்டேன். மை மாதிரி கறுப்புத் தண்ணீர், பீய்ச்சி அடித்தது. வெள்ளைக் கம்பளம். கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, விழுந்த திருகை மறு கையால் தேடினேன். அன்றைய கூலி கம்பளத்துக்கே போயிற்று.

ஈஸ்ட் ஹாம்: எனக்கு நேர் எதிர். மேலே சூடு, அடியில் நடுப்பகுதி மட்டும் சில்லென்று. காற்றை எடுத்துப் பார்த்தேன், பிரயோசனம் இல்லை.

இருக்காது. இது காற்றில்லை, சகதி. ரேடியேட்டர் இரும்புத் தகடு. உள்ளேயே சுற்றும் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அரித்த இரும்பு கறுப்பு வண்டலாக அடியில் படிந்து, தண்ணீர் ஓடும் வழியை அடைத்துவிடும். அந்தத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளியே காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். வண்டல் காந்தம் இருக்கும் பக்கமாக ஊர்ந்து போய் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஒன்றிரண்டு ரேடியேட்டர் என்றால் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஹோஸ் போட்டுக் கழுவலாம். வீடு முழுக்க இப்படியென்றால் இயந்திரம் வைத்துக் கழுவ வேண்டும். எப்படிச் செய்தாலும், கடைசியில் இன்ஹிபிட்டர் என்ற அரிப்புத் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் ஊற்றாமல் விட்டால் மறுபடி இதே கதை. காந்த ஃபில்டரும் போட்டுவிடுங்கள்.

கிராய்டன்: எல்லாம் சூடு, ஹாலில் உள்ளது மட்டும் மேலும் கீழும் ஐஸ்.

எண் போட்ட தலை உள்ள வால்வா? கோடை முழுக்க மூடியே கிடந்தால் உள்ளே உள்ள ஊசி இறுகிவிடும். தலையை 5-க்குத் திருப்பிவிட்டு, கழுத்து வளையத்தைத் தளர்த்திக் கழற்றுங்கள். நடுவில் ஊசி நீட்டிக்கொண்டு இருக்கும். ஸ்பேனரின் தட்டையான பக்கத்தால் மெல்ல அமுக்கி விடுங்கள். தானாக எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் பக்கவாட்டில் லேசாகத் தட்டலாம். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஊசி கையோடு வந்துவிடும், பின்னாலேயே தண்ணீரும்.

மறுபக்கம் மூடி போட்ட வால்வுக்குப் பெயர் லாக்‌ஷீல்டு. எந்த ரேடியேட்டருக்கு எவ்வளவு தண்ணீர் என்று பங்கு போட்டு வைப்பது அதுதான். தொட்டே ஆக வேண்டுமென்றால், மூடும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். எழுதி வையுங்கள்!

ஸ்லோ: மேலே சில்லென்று, கீழே சூடாக...

ஹாரோக்காரருக்குச் சொன்னதுதான்.

மில்டன் கீன்ஸ்: வாரா வாரம் காற்று எடுக்கிறேன். மறுபடி வருகிறது.

ஒன்று, எங்கோ கசிவு இருந்து நீங்கள் புதுத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். அதோடு காற்றும் வரும். இல்லையென்றால் அது காற்றே இல்லை, அரிப்பில் உண்டாகும் ஹைட்ரஜன். தீப்பற்றும், லைட்டரைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஈஸ்ட் ஹாமுக்குச் சொன்ன மருந்துதான் உங்களுக்கும்.

லெஸ்டர்: நாள் முழுக்கக் குறைவாக எரியவிட்டால் காசு மிச்சம் என்கிறார்கள். அணைத்துப் போட்டால் ஆறிய வீட்டைச் சூடாக்கவே கூடுதல் கேஸ் போகுமே?

வந்துவிட்டதா இந்தக் கேள்வி! தம்பி, சாயங்காலம் குளிக்க வெந்நீர் வேண்டும் என்பதற்காகக் காலையிலிருந்தே அண்டாவின் அடியில் விறகு வைப்போமா? வெளிக்கும் உள்ளுக்கும் சூட்டு வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அவ்வளவு சூடு சுவர் வழியாகப் போகும். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு?

லெஸ்டர்: அண்ணா, கணக்கு உங்களுடையது, பில் என்னுடையது. நாள் முழுக்க விட்டேன், பில் குறைந்தது.

ரீடிங்: எங்கள் வீட்டிலும் குறைந்தது!

வேறு எதையும் மாற்றவில்லையா?

லெஸ்டர்: பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு 75 டிகிரி என்று இருந்ததை 55 ஆக்கினேன்.

அதைச் சொல்லுங்கள்! இப்போதுள்ளவை கண்டென்சிங் பாய்லர்கள். ரேடியேட்டரைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி தண்ணீராக மாறி, அந்தச் சூட்டையும் நமக்குத் தரும். 75-இல் வைத்தால் அது புகைக்குழாய் வழியாக வெளியே போகும். பில்லைக் குறைத்தது அந்த 55, நாள் முழுக்க எரிந்த நெருப்பு இல்லை. 55-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஆளில்லாத நேரம் அணைத்தும் பாருங்கள். தனியாக வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் மட்டும் தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, கிருமி வளரும்.

ரீடிங்: எங்களுடையது ஹீட் பம்ப். கேஸ் இல்லை, வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுப்பது.

அதை முதலிலேயே சொல்லக் கூடாதா? அது மெதுவாக, நெடுநேரம் ஓடத்தான் செய்தது. உங்கள் பில் உங்களுக்குச் சரி. மேற்கொண்டு அந்த வேலை தெரிந்தவரைக் கேளுங்கள், என் பாடு கேஸ்தான்.

டூட்டிங்: பாய்லர் மூடியைக் கழற்றி நானே பார்க்கலாமா?

கூடாது. கேஸ் சேஃப் அட்டை (கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றதற்கான அடையாள அட்டை) உள்ளவரைக் கூப்பிடுங்கள், அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். கேஸ் வாடை வந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து, கேஸ் அவசர எண் 0800 111 999-ஐக் கூப்பிடுங்கள்.

இல்ஃபோர்டு: வாடகை வீடு. யார் செலவு?

இங்கிலாந்தில் ஹீட்டிங்கைப் பழுதுபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, 1985-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்தில் கேளுங்கள்.

லூட்டன்: ரேடியேட்டர் மேல் பாதி...

ஹாரோ.

ஹாரோ: அண்ணா, காற்று போயிற்று, தண்ணீரும் வந்தது. இப்போது பாய்லரே ஓடவில்லை!

முள் எங்கே நிற்கிறது?

ஹாரோ: 0.3.

என் பதிலை உஸ்ஸென்று காற்று போகும் இடம் வரைதான் படித்தீர்களா? நிரப்பும் குழாயைத் திறந்து 1.2 வரை ஏற்றுங்கள்.

ஹாரோ: சூடு வந்துவிட்டது! ஆனால் முள் 2.5-ஐத் தாண்டிப் போகிறது அண்ணா.

குழாயை மூடினீர்களா?