தனிநபரிடம் பழைய ஐபோன் வாங்கலாமா?

விளம்பரத்தில் பார்த்த பழைய ஐபோனை நேரில் போய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. போனில் *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று தட்டி, இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பிளாக்லிஸ்ட், அதாவது திருட்டு போன்ற காரணத்தால் முடக்கப்பட்ட போன் என்று பதில் வந்தால் வேண்டவே வேண்டாம். திருட்டுப் போனைத் தெரியாமல் வாங்கியிருந்தாலும் போலீஸ் பறிமுதல் செய்யும், கொடுத்த பணம் போனதுதான்.

அப்புறம், விற்பவர் தன் ஆப்பிள் ஐடியை (ஆப்பிள் கணக்கை) உங்கள் கண் முன்னாலேயே போனிலிருந்து நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆக்டிவேஷன் லாக் என்ற ஆப்பிளின் பூட்டு வந்து நிற்கும். அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காது. "வீட்டுக்குப் போய் எடுத்துவிடுகிறேன்" என்றால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பார்க்கும் முன்பே முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.