பள்ளிகளில் பாதுகாப்புப் பயிற்சிக்கு விஆர் விளையாட்டுகள் (தலையில் மாட்டும் ஹெட்செட் வழியாக மெய்நிகர் உலகத்துக்குள் இருப்பதுபோல் ஆடுபவை) உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் ஒத்திகைக்குப் பதிலாக அல்ல, ஒத்திகைக்கு முன்னால்.

வழக்கமான தீ ஒத்திகையில் மணி அடிக்கும், பிள்ளைகள் வரிசையாக இறங்கி மைதானத்தில் நிற்பார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே வகுப்புக்குத் திரும்புவார்கள். படிக்கட்டில் புகை இருந்தால் எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க வேண்டிய கட்டமே அதில் வராது. அதற்காக நிஜப் புகையைக் கிளப்பவா முடியும்? விஆர் அங்கேதான் கைகொடுக்கிறது. சாலையைக் கடப்பதும் அப்படித்தான். வருகிற வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிப்பது சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். விஆரில் கணக்குத் தப்பினாலும் அடிபடாது.

கருவி வாங்கும்முன் ஒன்றைப் பாருங்கள். புகை மேலே தங்கும், அதனால் தவழ்ந்து வெளியேறப் பழக்குகிறோம். போனைச் செருகிக் கண்ணில் வைத்துக்கொள்ளும் அட்டைப்பெட்டி வகைக்குத் தலை திரும்புவது மட்டுமே தெரியும். பிள்ளை தரையோடு தரையாகக் குனிந்தாலும் காட்சி நின்ற உயரத்திலேயே இருக்கும். வெளிப்புறக் கேமராக்கள் கொண்ட ஹெட்செட்டுகள் தலையின் உயரத்தையும் கவனிக்கும். நிமிர்ந்தால் புகை கண்ணை மறைக்கும்படி விளையாட்டை அமைக்கலாம்.

எத்தனை நொடியில் வெளியே வந்தாய் என்று மதிப்பெண் போடும் விளையாட்டை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். நாம் 'ஓடாதே' என்கிறோம், அது 'ஓடு' என்கிறது.

அப்புறம், கதவு. திறக்கும்முன் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கச் சொல்லித் தருகிறோம். விளையாட்டில் சூட்டைக் காட்ட வழியில்லை, கதவைச் சிவப்பாக மின்னவிடுவார்கள். நிஜக் கதவு மின்னாது! அதை வகுப்பறைக் கதவில் கையை வைத்துத்தான் பழக வேண்டும். தீயணைப்பானின் கனமும் அப்படியே.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் குவெஸ்ட் என்ற விஆர் ஹெட்செட்டை 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதிப்பதில்லை. 10 முதல் 12 வரை பெற்றோர் நிர்வகிக்கும் கணக்கு வேண்டும். சின்ன வகுப்புகளுக்குப் பெரிய திரை போதும். உடம்பு அசையாமல் காட்சி மட்டும் நகர்ந்தால் சிலருக்குக் குமட்டும், ஆகவே ஒவ்வொருவருக்கும் கொஞ்ச நேரமே கொடுங்கள்.

எல்லோருக்கும் ஹெட்செட் வாங்கத் தேவையில்லை. ஒருவர் மாட்டிக்கொள்ள, அவர் பார்ப்பதைத் திரையில் போட்டால் வகுப்பே பார்க்கும். 'ஏன் அந்தக் கதவைத் திறந்தே?' என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள். பாட வேளையில் பாதியை அந்தப் பேச்சுக்கு விட்டுவிடுங்கள்.