லீவு யாருக்கு?

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. பரீட்சை முடிந்து லீவு விட்டதிலிருந்து காலை ஐந்தரைக்கு எழுந்தால் ராத்திரி பதினொன்று வரை உட்கார நேரமில்லை. எதிர்வீட்டுக் குழந்தை நீச்சல், கீபோர்டு, அபாகஸ் என்று பறக்கிறது. என் பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், போன் கேட்கிறார்கள், 'போரடிக்குதும்மா' என்கிறார்கள். 'வீட்டில்தானே இருக்கிறாய், இதுகூட முடியாதா?' என்கிறார் கணவர். பெரியவளை அபாகஸில் சேர்க்கலாம் என்றிருக்கிறேன். கோடையைப் பிரயோஜனமாகக் கழிக்க ஒரு டைம் டேபிள் போட்டுத் தாருங்களேன்.
— பெயர் போட வேண்டாம் என்ற வாசகி, ஈரோடு

பதில்: டைம் டேபிள் தருகிறேன். ஆனால் அது பிள்ளைகளுக்கு இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்கு.

ஐந்தரையிலிருந்து பதினொன்று வரை பதினேழரை மணி நேரம். உங்கள் ஊர் மில் எதிலாவது இப்படி ஒரு ஷிப்ட் போட்டால் லேபர் ஆபீசர் வாசலில் வந்து நிற்பார். பள்ளி நடந்தபோது பகலில் பாதியை டீச்சரும் ஆயாவும் பார்த்துக்கொண்டார்கள். பள்ளியைப் பூட்டியதும் அந்த வேலை அப்படியே உங்கள் தலையில் வந்து விழுந்துவிட்டது. மே மாதம் வந்தால் பள்ளிக்கு லீவு, கல்லூரிக்கு லீவு, உயர் நீதிமன்றத்துக்கே கோடை விடுமுறை. அம்மாக்களுக்கு மட்டும் ஓவர்டைம்.

'வீட்டில்தானே இருக்கிறாய்' என்பவருக்கு இரண்டு விஷயங்களை வாசித்துக் காட்டுங்கள். 2019-ல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பிள்ளை பார்ப்பது இதில் சேரவில்லை, அது தனிக் கணக்கு. பரவாயில்லையே, ஆண்களும் ஒன்றரை மணி நேரம் செய்கிறார்களே என்று அவசரப்பட வேண்டாம். அந்த 97 நிமிடம் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். மீதிப் பேர் கணக்கிலேயே வரவில்லை.

இரண்டாவது, 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்துப் பணம் அனுப்ப, இங்கே மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கு. அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். அவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் இவர் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது என்பது அதன் நியாயம். இல்லத்தரசிக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது என்பதையும் தீர்ப்பில் எழுதி வைத்தது. சொத்துக்கே பங்கு உண்டென்றால், காலையில் சின்னவனுக்குப் பல் தேய்த்துவிடுவதில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பங்கு இருக்காதா?

சரி, டைம் டேபிள். காலை ஆறிலிருந்து எட்டு வரை பிள்ளைகள் இருவரும் அவர் பொறுப்பு. எழுப்புவது, பல் தேய்ப்பது, குளிப்பாட்டுவது, இட்லியை ஊட்டுவது, சின்னவன் கொட்டிய சட்னியைத் துடைப்பது எல்லாம். துண்டு எங்கே, ஜட்டி எங்கே என்று உங்களை நான்கு தடவை கூப்பிட்டால் அது கணக்கில் சேராது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தூங்க வைப்பதும் அவரே. ஞாயிறு மதியம் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். முதல் வாரம் வீடு ரணகளமாகத்தான் இருக்கும். எட்டிப் பார்த்துச் சரிசெய்யப் போனால் அந்த வேலை மறுபடி உங்களிடமே வந்து ஒட்டிக்கொள்ளும். சின்னவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தால்தான் என்ன, ஊரே சிரிக்கப் போகிறதா?

இனிப் பிள்ளைகள். போரடிக்கிறது என்றால் போரடிக்கட்டும். வருஷத்தில் பத்து மாதம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து பழகிய பிள்ளைகள், மணி அடிக்காத ஒரு நாளில் முதலில் திணறத்தான் செய்வார்கள். நீங்கள் ஓடிப்போய் எதையும் கையில் திணிக்காமல் இருந்தால், கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டு, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் உங்கள் பழைய சேலையைக் கட்டி வீடு கட்டுவார்கள். பல்லாங்குழியோ தாயக்கட்டையோ பரணில் கிடந்தால் எடுத்துப் போடுங்கள். ஏழு வயதுக்காரிக்குத் தாயத்தில் காய் நகர்த்துவதிலேயே கூட்டல் கழித்தல் அத்தனையும் வந்துவிடும்.

உங்கள் வேலையிலும் அவர்களை இழுத்துப் போடுங்கள். விடியற்காலையில் ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி மொட்டை மாடியில் வேட்டி விரித்து வடகம் போடுகிறீர்களா? பெரியவளிடம் கரண்டியைக் கொடுங்கள். வட்டமாக வராது. ஒன்று தோசை அளவுக்கு இருக்கும், ஒன்று பொட்டு அளவுக்கு இருக்கும். பொரித்தால் எல்லாம் ஒன்றுதான். சின்னவனுக்குக் காக்கா விரட்டும் உத்தியோகம் கொடுங்கள். காக்காயைவிட அவன் தின்றுவிடுவதுதான் அதிகமாக இருக்கும். ஓரம் காய்ந்து நடுவில் பிசுபிசுவென்று இருக்கும் அரைக்காய்ச்சல் வடகத்தின் ருசியை எந்தச் சம்மர் கேம்ப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். வெயில் ஏறுவதற்குள் இருவரையும் கீழே இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான்.

போன் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது. அதற்காக, நீங்கள் கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வடிக்கும்போது சின்னவன் உங்கள் காலைச் சுற்றிக்கொண்டு திரிவதைவிட, கூடத்தில் உட்கார்ந்து இருபது நிமிடம் கார்ட்டூன் பார்ப்பது எவ்வளவோ மேல். கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சமையுங்கள். சாப்பிடும்போதும் தூங்கப் போகும்போதும் மட்டும் கூடவே கூடாது.

வெயிலில்தான் நான் கறாராக இருப்பேன். ஈரோட்டு வெயிலை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரி பிறக்கும் முன்பே 40 டிகிரியைத் தொடும் ஊர். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே விளையாட விடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் உடம்பு நம்மைவிட வேகமாகச் சூடேறும், விளையாட்டு மும்முரத்தில் தாகத்தையும் சொல்ல மாட்டார்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, காலையிலிருந்து போகவே இல்லையா என்று பாருங்கள். மோர், நீராகாரம், இளநீர், நுங்கு, கம்மங்கூழ் எது கிடைத்தாலும் சரி. சோர்ந்து படுத்து, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எதிர்வீட்டுக் குழந்தையின் பட்டியலில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, நீச்சல். காவிரி, பவானி, வாய்க்கால், கிணறு என்று சுற்றிலும் தண்ணீர் உள்ள ஊர் உங்களுடையது. லீவு நாட்களில் குளிக்கப் போன பிள்ளைகள் முழுகிப்போன செய்தி வராத கோடை எனக்கு நினைவில்லை. முன்பு சுரைப்புருடையை முதுகில் கட்டிக் கிணற்றில் இறக்கி விடுவார்கள், மாமனோ சித்தப்பனோ கூடவே நீந்துவார்கள். இப்போது புருடைக்குப் பதில் பிளாஸ்டிக் கேன். கூட நீந்த ஆள் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. பெரியவளை இந்த வருஷமே பழக்கிவிடுங்கள். நீச்சல் தெரிந்துவிட்டது என்று வாய்க்கால் பக்கம் தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அம்மாயி வீட்டுக்கு அனுப்புவதும் நல்லதுதான், பத்து நாள் அனுப்புங்கள். மாதக் கணக்கில் வேண்டாம். உங்கள் அம்மாவுக்கும் முழங்கால் வலி இருக்கும், கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்.

அபாகஸுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆவேன் என்றால், கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்து கூட்டிக்கொண்டு வரும் வேலை உங்கள் வீட்டுக்காரருடையது.