குளம்புக்கு வைட்டமின் பொடி: பதினைந்தே நாளில் குணமாகுமா?

கேள்வி: எங்களிடம் இரண்டு கலப்பினக் கறவைகள். ஒன்று கன்று ஈன்று இரண்டு மாதம் ஆகிறது. குளம்பு வெடித்து, பின்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. கடையில் பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த குளம்புப் பொடி என்று ஒரு கிலோ பாக்கெட் கொடுத்தார்கள். தினம் 50 கிராம் போடுங்கள், பதினைந்தே நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இரண்டாவது பாக்கெட்டும் பாதி தீர்ந்துவிட்டது, மாற்றமே இல்லை. கிலோவுக்கு பயோட்டின் 100 மி.கி. என்று போட்டிருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: பாதி ஏமாந்தீர்கள், மீதிப் பாதி அவசரம்.

முதலில் கணக்கு. கறவை மாட்டின் குளம்புக்கு ஆராய்ச்சிகளில் பலன் தெரிந்த அளவு ஒரு நாளைக்கு 20 மி.கி. பயோட்டின். உங்கள் பொடியில் 50 கிராமுக்கு வருவது 5 மி.கி., அதாவது கால் பங்குதான். முழு அளவு கொடுக்க வேண்டுமென்றால் தினம் 200 கிராம் போட வேண்டும். அப்புறம் ஒரு கிலோ ஐந்தே நாளில் காலி! இதே பயோட்டின் 2 சதவீதச் செறிவிலும் வருகிறது. அதில் ஒரு கிராமிலேயே 20 மி.கி. இருக்கும். பாக்கெட்டின் முன்பக்கம் பளபளக்கும் மாட்டுப் படத்தை விடுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் மி.கி.யைப் பார்த்து, 20 மி.கி.க்கு எத்தனை ரூபாய் என்று வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

இனி அவசரம். குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர்தான் வளரும். வைட்டமின் வெடித்த இடத்தை ஒட்டவைக்காது, மேலிருந்து புதிதாக வளர்வதைத்தான் கெட்டியாக்கும். சரியான அளவில் கொடுத்தாலும் நாலைந்து மாதம் பொறுக்க வேண்டும். பதினைந்து நாள் என்பது வியாபாரப் பேச்சு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கன்று ஈன்றதும் பால் கூடட்டும் என்று ரேஷன் அரிசிக் கஞ்சி, மக்காச்சோள மாவு என்று ஊற்றித் தள்ளினீர்களா? மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்களே பயோட்டின் செய்துகொள்ளும். மாவு மிஞ்சி வயிறு புளித்துவிட்டால் அது குறையும். அந்தப் புளிப்பே குளம்புக்குள் அழற்சியையும் கிளப்பும். ஆகவே கஞ்சியைக் குறைத்து வைக்கோல், சோளத்தட்டையைக் கூட்டுங்கள். துத்தநாகமும் தாமிரமும் குளம்புக்கு வேண்டும். அதற்கு ஐ.எஸ். 1664 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள தாது உப்புக் கலவை போதும். கொட்டகைத் தரை சாணமும் மூத்திரமுமாக ஊறிக் கிடந்தால் எந்தப் பொடியும் எடுபடாது.

ஆனால் இப்போது நொண்டும் காலுக்குப் பொடி மருந்தல்ல. கால்நடை மருத்துவரை வரவழைத்துக் குளம்பைச் சீவிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே கல்லோ சீழோ இருக்கலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962.

பணம் திரும்பக் கேட்கலாமா? கேட்கலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மாடு வளர்ப்பவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். ஆனால் லேபிளில் அளவு உண்மையாகவே போட்டிருப்பதால், உங்கள் பிடி 'பதினைந்து நாள்' என்ற வாக்குறுதியில்தான் இருக்கிறது. அது பாக்கெட்டிலோ நோட்டீஸிலோ அச்சாகியிருந்தால் பத்திரமாக வையுங்கள். வாய்வார்த்தை என்றால் நிரூபிப்பது கஷ்டம். பில் இல்லையா? போனில் பணம் அனுப்பிய குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். கடைக்காரர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.