‘புதிது போல்’ என்ற பட்டனை எடுத்துவிடுங்கள்: பழைய புடவை விற்கும் ஆப்புக்கு ஒரு புது வசதி

கேள்வி: ஈரோட்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, பயன்படுத்திய ஆடைகளை வாங்கவும் விற்கவும் ஒரு ஆப் நடத்துகிறோம். விற்பவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவிகள். அதிகம் கைமாறுவது பட்டுப் புடவை. ‘புதிது போல்’, ‘நல்ல நிலை’, ‘சுமார்’ என்ற மூன்றில் ஒன்றை விற்பவரே தேர்ந்தெடுக்கிறார். வாங்கியவர்களோ ‘படத்தில் பார்த்தது வேறு, வந்தது வேறு’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். கூரியர் செலவே எங்கள் கமிஷனைத் தின்றுவிடுகிறது. படத்தைப் பார்த்துப் புடவையின் நிலையைச் சொல்லும் ஏஐ வசதி கொண்டுவரலாமா? அல்லது விற்பவருக்கு நட்சத்திர மதிப்பீடு போதுமா? டெவலப்பர்கள் இரண்டே பேர். தீபாவளிக்குள் முடிக்க வேண்டும்.

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் சிக்கல் அந்த மூன்று பட்டன்களில்தான் இருக்கிறது. ‘புதிது போல்’ என்பது விற்பவரின் அபிப்பிராயம். அபிப்பிராயத்தை நம்பிப் பணம் கட்டியவர், பார்சலைப் பிரித்ததும் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது.

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஆப்பில் மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவை ஒன்று வாங்கினேன். ‘ஒரே ஒரு முறை கட்டியது, புதிது போல்’ என்று போட்டிருந்தது. வந்ததைப் பிரித்துக் கட்டிலில் விரித்தேன். இரண்டாவது மடிப்பில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராகப் பட்டு இற்றுப்போயிருந்தது. கையை அடியில் கொடுத்தால் விரல் தெரிகிறது. கோபத்தோடுதான் அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் பதறிவிட்டார். மகள் கல்யாணத்துக்குக் கட்டி, மடித்து, பீரோவில் வைத்தவர் எட்டு வருடமாக அதைப் பிரிக்கவே இல்லை. மடித்தபடியே படம் எடுத்துப் போட்டிருக்கிறார். ஒரு முறைதான் கட்டினார் என்பது முழு உண்மை. பட்டு ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த இடத்தில் இற்றுப்போகும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. பிரித்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

உங்கள் விற்பனையாளர்களில் ஏமாற்றுகிறவர்கள் மிகக் குறைவாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் பார்க்காதவர்கள். ஆகவே நீங்கள் கட்ட வேண்டிய வசதி அவரைப் பார்க்க வைக்க வேண்டும், பார்த்ததைக் காட்ட வைக்க வேண்டும், காட்டியதற்கு அவருக்குப் பாதுகாப்பும் தர வேண்டும். மூன்றாவதை விட்டால் முதல் இரண்டும் நிற்காது. அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

விதி இதுதான்: காட்டிய குறைக்காகப் புடவையைத் திருப்ப முடியாது. காட்டாத குறை இருந்தால் முழுப் பணமும் திரும்பும், கூரியர் செலவு விற்பவருடையது. இந்த இரண்டு வரியும் ஆப்பில் எல்லா இடத்திலும் ஒரே சொற்களில் இருக்கட்டும். இன்று கறையைக் காட்டினால் விலை குறையும் என்று விற்பவர் பயப்படுகிறார். இந்த விதி வந்தபின், காட்டாவிட்டால் புடவை திரும்பி வந்துவிடும் என்று யோசிக்க ஆரம்பிப்பார்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றுக்கும் நடுத்தரமான ஒரு விலைதான் தருவார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டாது, அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிச்சம் நிற்பது ஓட்டை வண்டிதான். புடவைக்கு இது அப்படியே பொருந்தும். நல்ல காஞ்சிபுரம் பட்டு வைத்திருப்பவர் உங்கள் ஆப்பில் வரும் பேரத்தைப் பார்த்துவிட்டு, பழைய பட்டுப் புடவையை ஜரிகைக்காக வாங்கும் கடைக்குக் கொண்டுபோய்விடுவார். அங்கே அதை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். இன்னும் இருபது வருடம் கட்டக்கூடிய புடவை அடுப்புக்குப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

சரி, திரைக்கு வருவோம். ‘நிலை’ என்ற பகுதியை எடுத்துவிட்டு, அங்கே ஐந்து படங்கள் கேளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கேமராத் திரையின் மேல் மெல்லிய கோட்டில் ஒரு மாதிரி வரைபடம் தெரியட்டும். கேலரியிலிருந்து பழைய படத்தை ஏற்ற வழி இருக்கக் கூடாது. கல்யாண ஆல்பத்துப் படம் அழகாக இருக்கும், ஆனால் அது அன்றைய புடவை.

முதல் படம் முந்தானையை முழுக்க விரித்தது. ஜரிகை கறுத்திருந்தால் அங்கே தெரியும், தோள்பட்டையில் பின் குத்திக் குத்தி விழுந்த ஓட்டைகளும் தெரியும். இரண்டாவது, உடலும் கரையும் சேரும் இடம், கிட்டத்தில். மூன்றாவது, காலோரத்தைத் திருப்பிப் போட்டு உள்பக்கம்: ஃபால்ஸ் தைத்திருக்கிறதா, அதன் ஓரம் தேய்ந்திருக்கிறதா, தரையில் பட்ட அழுக்கு ஏறியிருக்கிறதா என்பதை இந்த ஒரு படம் சொல்லிவிடும். புடவையை எத்தனை முறை கட்டியிருக்கிறார்கள் என்று அறிய எனக்கு இதைவிட நல்ல சாட்சி தெரியாது.

நான்காவதுதான் உயிர். புடவையைப் பிரித்து, மடிப்பு விழுந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். இற்ற இடம் இருந்தால் கோடாகவோ புள்ளி புள்ளியாகவோ வெளிச்சம் கசியும். சல்லடையில் மாவு நிற்காத இடம் போல உடனே கண்ணில் படும். ஏஐ இங்கேதான் தோற்கும். கட்டிலில் மடித்து வைத்த புடவையின் படத்தில் இந்தக் குறை இருக்கவே இருக்காது. படத்தில் இல்லாததை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. முதலில் சரியான படம் வரட்டும். சில ஆயிரம் படங்கள் சேர்ந்தபின், எந்தப் புடவை எதனால் திரும்பி வந்தது என்ற விவரத்தோடு ஏஐ-யைப் பற்றிப் பேசலாம்.

ஐந்தாவது படத்துக்கு நான் வைக்கும் தலைப்பு: ‘இதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்’. புடவையில் இருப்பதிலேயே பெரிய குறை, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், எல்லார் வீட்டிலும் கிடைக்கும். ‘சின்னக் கறை’ என்று எழுதினால் சண்டை வரும். நாணயத்தில் பாதி அளவு என்று கண்ணால் பார்த்தவர் சண்டைக்கு வர மாட்டார். குறையே இல்லை என்றால் ‘விரித்துப் பார்த்தேன், குறை இல்லை’ என்ற பட்டனை அவர் அழுத்த வேண்டும். அந்த வாசகம் அப்படியே வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். ‘எங்கே குறை?’ என்று கேட்காதீர்கள், நம்மவர்களுக்கு அந்தச் சொல்லே கூச்சத்தைத் தரும். உடுத்திய துணியை விற்பதே சிலருக்குச் சங்கடமாக இருக்கும்போது, திரை அவரைக் குற்றவாளி போல விசாரிக்கக் கூடாது.

படத்தில் வராதவை இரண்டு உண்டு: வாசனையும் ஜரிகையும். ‘அந்துருண்டை வாசனை இருக்கிறதா?’ என்று ஒரே கேள்வி, ஆம், இல்லை. ஜரிகைக்கு, வாங்கியபோது கிடைத்த பில்லோ சில்க் மார்க் அட்டையோ இருந்தால் படம் எடுக்கச் சொல்லுங்கள். சில்க் மார்க் பட்டு என்பதற்குத்தான் அத்தாட்சி, ஜரிகைக்கு அல்ல. இதைத் திரையிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஜரிகை இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிவது அசலுக்கு அடையாளம் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் விற்பவரைச் சுரண்டச் சொல்லாதீர்கள். நல்ல புடவையில் ஓர் இழை போய்விடும். பில் இல்லையா, ‘ஜரிகை சோதிக்கப்படவில்லை’ என்று போடுங்கள், போதும்.

சொல்ல வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் குரல் பதிவாக வாங்குங்கள். தமிழில் டைப் செய்யச் சோம்பல்படுகிறவர் இருபது வினாடி தாராளமாகப் பேசுவார். ‘பாயசம் கொட்டிடுச்சு, டிரை வாஷ் கொடுத்தும் லேசா தெரியுது’ என்று அவர் குரலிலேயே கேட்கும்போது வாங்குபவருக்கு வரும் நம்பிக்கையை எந்த நட்சத்திரமும் தராது.

நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருவர் வருடத்துக்கு இரண்டு புடவை விற்கிற இடத்தில் மதிப்பீடு சேரவே நாளாகும். இரு தரப்பும் ஒருவரையொருவர் மதிப்பிட்டால் பழிவாங்கல் வேறு. ஈபே என்ற இணையச் சந்தை இதனால்தான் 2008-ல், விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பீடு தருவதையே நிறுத்தியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படிவத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் விட்டுப்போவார்கள். உங்கள் ஆப்பை அவர்கள் திறப்பது ராத்திரி, வேலையெல்லாம் முடிந்தபின். நான்காவது படத்துக்கோ பகல் வெளிச்சம் வேண்டும். ட்யூப் லைட்டில் அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரியும். ஆகவே எந்த இடத்தில் நின்றாலும் சேமிக்கப்பட வேண்டும், மறுநாள் காலை பத்து மணிக்கு ‘வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இன்னும் இரண்டு படம்தான்’ என்று நினைவூட்டல் போக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. குறை காட்டிய புடவையைத் தேடலில் கீழே தள்ளாதீர்கள். குறை காட்டினால் பார்வை குறைகிறது என்று ஒரே வாரத்தில் விற்பவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு எல்லாப் புடவையும் ‘குறை இல்லை’ ஆகிவிடும்.

அப்புறம் பணம். வாங்கியவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே விற்பவருக்குப் பணம் போக வேண்டும். உங்களைப் போலவே பழைய ஆடை விற்கும் ஆப்புகளைப் பாருங்கள்: 2008-ல் லிதுவேனியாவில் தொடங்கிய வின்டெட்டில் பார்சல் கைக்கு வந்து இரண்டு நாளுக்குள் புகார் சொல்ல வேண்டும், அமெரிக்காவின் போஷ்மார்க்கில் மூன்று நாள். நான் இரண்டே நாள் என்பேன். கல்யாண சீசனில் அதற்கு மேல் நாள் கொடுத்தால், கட்டிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்களும் வருவார்கள். அந்த இரண்டு நாளும் பணத்தை உங்கள் வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளாதீர்கள். வாங்குபவரிடம் பணம் வாங்கி விற்பவருக்குச் சேர்க்கும் இடைநிறுவனங்களான பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி 2020-ல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அனுமதி பெற்ற ஒரு நிறுவனத்தின் வழியாக, அவர்களுடைய எஸ்க்ரோ கணக்கில், அதாவது அடுத்தவர் பணத்தைத் தனியே பிரித்து வைக்கும் வங்கிக் கணக்கில், நிறுத்தி வைப்பதே முறை. அதே 2020-ல் வந்த மின் வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும். புகார் வந்தது என்று 48 மணி நேரத்துக்குள் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டையும் ஒரு முறை பேசிவிடுங்கள்.

சுடிதார், குழந்தைகள் உடுப்புக்கு இந்த ஐந்து படம் பொருந்தாது. அங்கே தகராறு அளவில்தான். ‘எம்’, ‘எல்’ கேட்காமல், துணியைத் தரையில் விரித்து மார்பு, இடுப்பு, உயரம் மூன்றையும் அங்குலத்தில் கேளுங்கள். பட்டுப் பாவாடை என்றால் உள்ளே எத்தனை டக் பிடித்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். வளரும் பிள்ளைக்கு வாங்குகிற அம்மா முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் இது அடுத்த சுற்றுக்கு.

சோதிப்பது எப்படி? புது வசதிக்கு முன், பின் என்று மாதக் கணக்கை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஆடியில் வாங்குகிற கூட்டம் வேறு, ஐப்பசியில் வாங்குகிற கூட்டம் வேறு. ஒரே சமயத்தில் பாதி விற்பவர்களுக்குப் பழைய படிவமும் பாதிப் பேருக்குப் புதியதும் கொடுங்கள். திரும்பி வருவது குறைகிறதா என்று மட்டும் பார்க்காமல், படிவத்தைத் தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருமே முடிக்காத படிவத்தில் திரும்பி வரும் புடவையும் இருக்காது.

அதற்கும் முன்னால், ஒரு வரி கோட் எழுதாமல், இந்த வாரமே ஒன்று செய்யலாம். உங்களுக்குப் பழக்கமான இருபது விற்பனையாளர்களுக்கு இந்த ஐந்து படத்தையும் வாட்ஸ்அப்பில் கேட்டு அனுப்புங்கள். மாதிரிக்கு உங்கள் வீட்டுப் புடவையையே எடுத்துக் காட்டுங்கள். யார் எந்தப் படத்தில் நின்றார்கள், யார் போன் செய்து ‘வெளிச்சத்துக்கு எதிரேன்னா எப்படி?’ என்று கேட்டார்கள் என்று குறித்து வையுங்கள். நான்காவது படத்தில் பலர் நின்றுவிட்டால் அங்கே படம் கேட்பதை விட்டு ஐந்து வினாடி வீடியோ கேட்டுப் பார்க்கலாம். புடவையை ஜன்னல் முன்னால் மெதுவாக நகர்த்தினால் போதும். அந்தக் குறிப்புகளோடு மறுபடி எழுதுங்கள், திரைகளை அதை வைத்து வரைவோம்.