அட்டைப்பட ஓவியத்துக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தின் இசை பற்றிய நூலின் அட்டைக்கு, அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈகின்ஸின் 'நடனப் பாடம்' (1878) ஓவியத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பட முகவர் உரிமக் கட்டணம் கேட்கிறார். கட்டத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஈகின்ஸ் 1916-லேயே காலமாகிவிட்டார். காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது. மூல நீர்வண்ண ஓவியம் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காப்புரிமை தீர்ந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் அவர்களே இலவசமாகத் தருகிறார்கள், வணிகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து. அவர்களது தளத்தில் 25.97.1 என்ற எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். பழைய தலைப்பு வேறு என்பதால் பெயரை வைத்துத் தேடினால் குழப்பும். காப்புரிமை இல்லாதது என்பதைக் காட்டும் 'Public Domain' குறி இருக்கிறதா என்று பார்த்து, பெரிய அளவுப் படக் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள்.

முகவர் விற்பது வெறும் படக் கோப்பு. பில்லில் போடுவது 'உரிமம்'. "காப்புரிமை யாருடையது, எந்த ஆண்டு தீர்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் இல்லாத காப்புரிமைக்கும் ஒப்பந்தப்படி பணம் கேட்பார். மறுபதிப்புக்கு மறுபடியும் வந்து நிற்பார். தட்டையான ஓவியத்தை அப்படியே நகலெடுத்த புகைப்படத்துக்குத் தனிக் காப்புரிமை கிடையாது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் பில் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், பதிப்பாளர்களும் பயந்து கட்டுகிறார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை.

ஒரு விதிவிலக்கு. ஓவியம் மட்டும் இல்லாமல் அதன் மரச்சட்டம், சுவர், வெளிச்சம், பார்வையாளர் எல்லாம் சேர்ந்து வரும்படி ஒருவர் எடுத்த படம் என்றால், அது அவருடைய படைப்பு. அவரிடம் அனுமதி வாங்கத்தான் வேண்டும். அதிலிருந்து ஓவியத்தை மட்டும் வெட்டி எடுப்பதும் வீண் வம்பு. அருங்காட்சியகக் கோப்பு இருக்கும்போது அது எதற்கு?

உண்மையான சிக்கல் வெட்டுவதில்தான். ஓவியம் படுக்கைவாட்டில் 57.3 × 45.9 செ.மீ., உங்கள் அட்டையோ நெடுவாட்டு. பக்கம் முழுக்க நிரப்பினால் சுவரின் மூலையில் இருக்கும் சின்ன நீள்வட்டப் படம் போய்விடும். ஆபிரகாம் லிங்கனும் மகன் டாடும் சேர்ந்து ஆல்பம் பார்க்கும் 1864-ம் ஆண்டுப் புகைப்படம் அது. ஆடும் சிறுவன், பாஞ்சோ வாசிக்கும் இளைஞன், உற்றுப் பார்த்து நிற்கும் முதியவர் என்ற கறுப்பினத்தவர் மூவரின் பாடத்துக்கும் அடிமை முறை ஒழிப்புக்கும் உள்ள தொடர்பைச் சொல்வதே அந்தப் படம்தான். 6 × 9 அங்குல அட்டை என்றால், முழு ஓவியத்தையும் 6 அங்குல அகலத்தில் வையுங்கள், உயரம் 4.8 அங்குலம் வரும், மீதி இடம் தலைப்புக்கு. அந்த அகலத்துக்கு 1,800 பிக்சல் போதும். பழுப்புப் பின்னணியை வெளுக்க வைக்க வேண்டாம் என்று அச்சகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; கேட்காமலே 'சரி' செய்துவிடுவார்கள்.