வாத்துகள் கூட்டமாகச் செத்தால், எந்த வைரஸ் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நோயறிதல் என்பது "வாத்து செத்துவிட்டது" என்பதிலிருந்து "இந்தக் கிருமிதான் கொன்றது" என்பதற்குப் போகும் வேலை. வெளி அறிகுறி அதற்குப் போதாது. வீட்டில் விளக்கு அணைந்தால் ஃபியூஸ் போனதா, டிரான்ஸ்ஃபார்மர் போனதா என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா?

குஞ்சுகள் மட்டும் தலையைப் பின்னால் வளைத்தபடி சாகின்றனவா? வைரஸ் கல்லீரல் அழற்சியாக இருக்கலாம். பெரிய வாத்துகளின் குடலிலும் உணவுக்குழாயிலும் ரத்தக்கசிவு என்றால் வாத்து பிளேக் என்ற வைரஸ் நோய் மீது சந்தேகம். தள்ளாட்டம், வெளுத்த கண் என்றால் பறவைக் காய்ச்சல். எல்லாம் ஊகம்தான், வைரஸே அல்லாத பாஸ்சுரெல்லா பாக்டீரியாவும் இப்படித் திடீரென்று கொல்லும்.

அதனால் தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, இறந்த பறவையின் உறுப்புத் துண்டுகளோடு குளிர்பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். வெயிலில் அழுகிய உடல் கொண்டுபோனால் பாதி வேலை வீண். அங்கே பிசிஆர் சோதனை வைரஸின் மரபுப்பொருளைத் தேடும். கருவுற்ற முட்டையில் வைரஸை வளர்த்தும் பார்ப்பார்கள். 2014-இல் கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகள் செத்தபோது, மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு ஆய்வகம் வரை போன பிறகே பறவைக் காய்ச்சல் உறுதியானது.

"பறவைக் காய்ச்சல் என்றால் எல்லா வாத்தும் செத்திருக்குமே" என்பார்கள். தவறு, கோழியைக் கொல்லும் வைரஸைச் சுமந்துகொண்டு வாத்து நன்றாக நீந்திக்கொண்டிருக்கவும் முடியும்.